பக்கத்துப் பையனின் நோட்டு

ஐந்தாம் வகுப்பு வரை நான் கரும்பலகையைப் பார்த்து எதையும் எழுதியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. ஆசிரியர் பலகையில் எழுதுவார், கெட்டிக்காரர்கள் அதைப் படிப்பார்கள், மற்றவர்கள் கெட்டிக்காரர்களைப் பார்த்து எழுதுவார்கள். பள்ளிக்கூடத்தின் ஏற்பாடே இதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவன் விட்ட பிழைகள் என் நோட்டிலும் அப்படியே இருந்ததால் ‘காப்பி அடிக்கிறியா’ என்று முட்டியில் அடி விழும். அடித்த ஆசிரியருக்கும் சந்தேகம் வரவில்லை, அடி வாங்கிய எனக்கும் வரவில்லை.

கண்டுபிடித்தது சித்தி. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, “என்ன நம்பருடா வருது, பாத்துச் சொல்லு” என்றாள். “கிட்ட வரட்டும் சித்தி” என்றேன். சித்தி ஊரிலேயே முதலில் கண்ணாடி போட்ட பெண்களில் ஒருத்தி. திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்த வாரமே என் மூக்கில் ஒரு சட்டம் ஏறியது. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.

மைனஸ் 2 என்றால் என்ன என்பது பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. ஒரு மீட்டரை இரண்டால் வகுத்தால் அரை மீட்டர். அந்தக் கண்ணுக்கு அரை மீட்டர் வரைதான் உலகம் தெளிவு. அதற்கு அப்பால் போகப் போக மங்கல். அரை மீட்டர் என்பது, வேடிக்கையைப் பாருங்கள், பெஞ்சில் பக்கத்துப் பையனின் நோட்டு இருக்கும் தூரம். என் கண் தனக்கு எட்டிய பாடப்புத்தகத்தைத் தானே தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

இதில் நடக்கும் இயற்பியல் எளிமையானது. பிறந்த குழந்தையின் கண்விழி முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்து பெரியவர்களுக்கு 24 மில்லிமீட்டர் அளவில் நிற்கும். சிலருக்கு நிற்காமல் இன்னும் கொஞ்சம் நீண்டுவிடும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் போதும், பவர் இரண்டரை முதல் மூன்று வரை ஏறிவிடும். தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்பே குவிந்துவிடுவதுதான் கிட்டப்பார்வை. நடுவில் குழிந்த ஒரு வில்லையை வைத்தால் பிம்பம் பின்னுக்குத் தள்ளப்பட்டு உரிய இடத்தில் விழும். இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டிலேயே இந்த வில்லையைச் செய்து விற்றார்கள். மருத்துவத்தில் இவ்வளவு பழைய, இவ்வளவு மலிவான, அறுவையோ பக்கவிளைவோ இல்லாத தீர்வுகள் அதிகம் கிடையாது. பிறகு ஏன் அது பிள்ளையின் மூக்கை வந்து சேர இவ்வளவு பாடு?

வயிறு வலித்தால் பிள்ளை அழும். காய்ச்சல் வந்தால் சுருண்டு படுக்கும். மங்கலுக்காக எந்தப் பிள்ளையும் அழுவதில்லை. வலி இல்லை, மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவும் வழி இல்லை. ஆக, குறை ஒருவருடையது, அதைக் கவனிக்க வேண்டியவர் இன்னொருவர். அந்த இன்னொருவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, கையில் எவ்வளவு காசு புழங்குகிறது, வீட்டில் அவர் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதெல்லாம் பிள்ளையின் பார்வைக்குள் நுழைந்துவிடுகிறது. எனக்கு ஒரு சித்தி இருந்தாள். எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு சித்தி வாய்ப்பதில்லை.

மேற்குச் சீனாவின் கான்சு, ஷான்சி மாகாணங்களில் 2012–13 பள்ளி ஆண்டில் நடந்த ஒரு சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 252 பள்ளிகளில் நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறக்குறைய 20,000 பேருக்குப் பார்வை சோதித்தார்கள். கண்ணாடி போட்டால் தெளிவாகத் தெரியும் என்ற நிலையில் இருந்தவர்கள் 3,177 பேர். அவர்களில் 15 சதவீதம் பேர் மட்டுமே அப்போது கண்ணாடி போட்டிருந்தார்கள். பள்ளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பவர் எழுதிய வெறும் சீட்டு, ஒரு பகுதிக்குக் கடையில் கொடுத்துக் கண்ணாடி வாங்கிக்கொள்ளும் கூப்பன், ஒரு பகுதிக்கு வகுப்பறையிலேயே இலவசக் கண்ணாடி என்று கொடுத்தார்கள். ஆண்டு முடிவில் கணக்குத் தேர்வு வைத்தார்கள். இலவசக் கண்ணாடி கிடைத்தவர்கள் சீட்டு மட்டும் கிடைத்தவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். கூடுதல் பெரிதல்ல, ஆனால் பெற்றோரின் படிப்பாலும் குடும்பத்தின் வசதியாலும் வரும் கூடுதலைவிட இது அதிகமாக இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் படித்த வீட்டுப் பிள்ளைக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தூர்க்க இதைவிட மலிவான பொருளை நான் கேள்விப்பட்டதில்லை.

அதே சோதனையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதுதான் தூங்கவிடாதது. இலவசமாக, கையில், வகுப்பறையிலேயே கண்ணாடி கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் ‘போடுகிறாயா’ என்று கேட்டபோது 68 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். சொல்லாமல் போய்ப் பார்த்தபோது போட்டிருந்தவர்கள் 41 சதவீதம். இதே கான்சுவில் 2004இல் நடந்த வேறொரு ஆய்வில், இலவசக் கண்ணாடியை ஏறத்தாழ 30 சதவீதம் பேர் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். காசு ஒரு தடை என்பது சரி. காசை எடுத்துவிட்ட பிறகும் பாதிக்குமேல் தடை மிச்சம் இருக்கிறது என்பதுதான் செய்தி.

மிச்சத் தடைகள் எவை என்று தெரிந்துகொள்ள நம் ஊருக்கே வரலாம். விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டாரக் கிராமங்களில் 2000களின் தொடக்கத்தில் 15 வயது வரையுள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கண்களைச் சோதித்தார்கள். கூடவே பெற்றோரை உட்கார வைத்துக் குழந்தைகளின் கண்ணைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்டார்கள். கண் கெடுவதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் சூடு உண்டு, டிவி உண்டு. சூடு என்றால் நமக்கு உடனே புரியும்: தலைக்கு நல்லெண்ணெய், கண்ணில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய், கைக்குழந்தையானால் தாய்ப்பால். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. மருத்துவமனை முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் விளக்கெண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கண்ணில் ஊற்றிவிட்டு ‘சரியாகிவிடும்’ என்று காத்திருக்கும் நாட்கள்தான் ஆபத்து. ஊற்றியது சுத்தமாக இல்லாவிட்டால் கருவிழியில் புண்ணும் சேர்ந்துகொள்ளும்.

சரி, சூடு இல்லை, ஆஸ்பத்திரிக்கே போவோம் என்று ஒரு தாய் முடிவெடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்களுக்குப் பார்வை சோதிப்பதுபோலப் பிள்ளைகளுக்குச் சோதிக்க முடியாது. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லையை இறுக்கித் தளர்த்தும் தசை சிறு வயதில் படு துடிப்பானது. கருவியின் உள்ளே தெரியும் படத்தைப் பார்த்ததும் அது தானாக இறுகிக்கொள்ளும். இல்லாத மைனஸ் பவரைக் கருவி காட்டும், இருக்கும் பிளஸ் பவர் ஒளிந்துகொள்ளும். அதனால் சொட்டு மருந்து விட்டு அந்தத் தசையைச் சற்று நேரம் செயலிழக்கச் செய்து அளக்க வேண்டும். மருந்து வேலை செய்ய நேரம் பிடிக்கும். சின்னக் குழந்தையானால் மூன்று நாள் வீட்டிலேயே மருந்து போட்டுவிட்டு வரச் சொல்வதும் உண்டு. மருந்தின் வேகம் அடங்கிய பிறகு, கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்க்க மறுபடி ஒரு நாள். ‘அடுத்த வாரம் வாங்க’ என்று செவிலியர் சொல்லும் அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் திடமான அறிவியல் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கோ அதில் இன்னொரு நாள் கூலி இருக்கிறது, இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணம் இருக்கிறது, மாமியாரிடம் இன்னொரு முறை கேட்க வேண்டிய அனுமதி இருக்கிறது. பாதிப் பிள்ளைகளைக் கண்ணாடியிடமிருந்து பிரிப்பது இந்த இரண்டாவது வருகைதான் என்பது என் ஊகம். எண் கேட்காதீர்கள், மருத்துவமனை வரிசைகளில் உட்கார்ந்து கேட்ட பேச்சுகளிலிருந்து சொல்கிறேன்.

மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, இலவசம் என்று சொன்னால் கூட்டம் வரும் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். வரவில்லை. தமிழ்நாட்டின் தென்பகுதிக் கிராமங்களில் எடுத்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது: கண்ணில் குறையுள்ள பெரியவர்களில் 7 சதவீதம் பேரே இலவச முகாமுக்கு வந்திருந்தார்கள். அறுவை இலவசம் என்றாலும் வண்டிச் சத்தமும் சாப்பாடும் இலவசமில்லை, வீட்டில் ஆடு மாட்டைப் பார்க்க ஆள் இல்லை. பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய், சோறு போட்டு, ஊரில் கொண்டுவந்து விடுவது என்று ஏற்பாடு மாறியதற்குக் காரணம் இந்தத் தடைகள்தான். பின்னர் 2004 முதல் சிற்றூர்களிலேயே சிறு பார்வை மையங்கள் வந்தன; கணினித் திரைவழியே மதுரை மருத்துவரிடம் பேசிவிட்டு, கண்ணாடியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். தூரத்தைக் குறைப்பதும் ஒரு சிகிச்சைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியவர் தானே பேருந்து ஏறி வந்துவிடலாம். பிள்ளைக்கு எப்போதும் இரண்டு டிக்கெட்.

அதனால்தான் பள்ளிக்கூடம் வருகிறது. சத்துணவு பள்ளி வழியாகப் போய்ச் சேர்ந்ததுபோலக் கண் பரிசோதனையையும் அங்கேயே கொண்டுபோவது. ஆறு மீட்டர், அதாவது இருபது அடி தூரத்தில் ஆங்கில ‘E’ எழுத்து நாலு திசையிலும் புரண்டு கிடக்கும் ஓர் அட்டை. அந்த எழுத்து எந்தப் பக்கம் கால் நீட்டியிருக்கிறது என்று பிள்ளை கையால் காட்டினால் போதும், எழுத்துக் கூடத் தெரிந்திருக்க வேண்டாம். ஆசிரியர் ஒருவருக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தால் வகுப்பு முழுவதையும் சலித்துவிடலாம். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கண்ணொளி காப்போம் திட்டம் 2009இல் வந்தது. ஒன்றிய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் 2013இல் வந்தது. அதன்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும்.

இந்தச் சல்லடையின் கண்கள் எங்கே பெரிதாக இருக்கின்றன என்றால், பள்ளியில் இல்லாத பிள்ளைகளிடம். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போன பிள்ளை, கரும்பு வெட்டப் போன பிள்ளை, குழு வந்த அன்று காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை. பரிசோதனை ஒரு மாதம், கண்ணாடி வந்து சேர்வது வேறொரு மாதம். நடுவில் குடும்பமே ஊர் மாறியிருக்கும். மூளை முடக்குவாதமோ டவுன் குறைபாடோ உள்ள பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அவர்களிடம் பார்வைக் குறை மற்றப் பிள்ளைகளைவிட மிக அதிகம். ஆனால் தடுமாறினாலும் பொருளைத் தவறவிட்டாலும் ‘அவன் அப்படித்தான்’ என்று எல்லாம் பழைய குறையின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

இந்தத் தாமதம் கிட்டப்பார்வையோடு நின்றால் பரவாயில்லை. பத்து வயதில் கண்ணாடி போட்டாலும் எனக்குப் பார்வை முழுதாகத் திரும்பிவிட்டது. எல்லாக் குறையும் இவ்வளவு பொறுமையானதல்ல. பார்ப்பது கண்ணின் வேலை மட்டும் இல்லை. மூளை பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்துச் செய்த சோதனைகள் இதைக் காட்டின. பிறந்த முதல் சில மாதங்களில் ஒரு கண் மூடியிருந்தால், பிறகு திறந்துவிட்டாலும் மூளை அந்தக் கண்ணை ஏற்றுக்கொள்வதில்லை. அதற்குரிய இடத்தை மற்றக் கண் பிடித்துக்கொண்டுவிடுகிறது. இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் குழந்தைக்கு இந்தக் கதவு ஏறக்குறைய ஏழெட்டு வயது வரை திறந்திருக்கிறது, பிறகு மெல்லச் சாத்திக்கொள்கிறது. ஒரு கண்ணில் மட்டும் அதிகப் பவர், அல்லது மாறுகண், அல்லது பிறவிக் கண்புரை என்றால் அந்தக் கண் ‘சோம்பேறிக் கண்’ ஆகிவிடும். பிள்ளை நல்ல கண்ணால் சமாளித்துக்கொண்டு ஓடி ஆடும், யாருக்கும் தெரியாது.

மாறுகண் தெரியும். ஆனால் நம் வீடுகளில் அதற்கு ஒரு பேர் இருக்கிறது: அதிர்ஷ்டம். ‘மாறுகண் பிள்ளை, குடும்பத்துக்கு யோகம்’ என்று பாட்டி சொல்லிவிட்டால் மருத்துவரிடம் போவது யோகத்தைக் கலைப்பதாகும். அந்த அதிர்ஷ்டக்காரப் பிள்ளை தெருவுக்குப் போனால் ‘ஒன்றரைக் கண்ணு’. வீட்டில் ஒரு பேர், வெளியில் ஒரு பேர். இரண்டுமே சிகிச்சைக்கு உதவாது. விழித்திரைப் புற்றுநோய் சிலவேளை முதலில் மாறுகண்ணாகத்தான் தலைகாட்டும் என்பதால் இந்த அதிர்ஷ்டத்தை நம்பி உட்கார்ந்திருப்பது சில குழந்தைகளுக்கு உயிர்ச் சேதமாகவே முடியும். கண்மணிக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் ‘பூ விழுந்திருக்கு’ என்பார்கள். கண்புரையை எடுக்க அறுவைக்கு வரும் குழந்தைகளில், ஏழை நாடுகள் பலவற்றில், பெண் குழந்தைகள் பாதிக்கும் வெகு குறைவு. புரை ஆண், பெண் பார்த்து வருவதில்லை. யாருக்காகக் கடன் வாங்குவது என்ற முடிவுதான் பார்த்து வருகிறது.

சோம்பேறிக் கண்ணுக்கு வைத்தியம், நல்ல கண்ணை மூடி வைத்து மற்றதை வேலை வாங்குவது. முன்பெல்லாம் நாள் முழுக்கக் கட்டச் சொல்வார்கள். ஒட்டுப்போட்ட கண்ணோடு பள்ளிக்குப் போகும் ஆறு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இடைவேளைக்குள் கழற்றி எறிந்திருக்கும். அமெரிக்காவில் 2003இல் வெளியான ஒரு சோதனை இங்கே பெரிய உதவி செய்தது. நடுத்தர அளவுக் குறைக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் மூடினாலும் ஆறு மணி நேரம் மூடினாலும் பலன் ஒன்றுபோலவே இருந்தது. இரண்டு மணி நேரம் என்றால் பள்ளி விட்டு வந்து வீட்டில் படம் வரைந்துகொண்டே முடித்துவிடலாம். வகுப்பின் கண்ணில் படவே வேண்டாம்.

வகுப்பின் கண்தான் கண்ணாடிக்கும் எதிரி. சோடாபுட்டி, நாலு கண்ணன்: எனக்கு இரண்டும் கிடைத்தன, முதலாவது கல்லூரி வரை கூட வந்தது. புனேயில் கண்ணாடி எழுதிக்கொடுக்கப்பட்ட மாணவர்களை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் போய்ப் பார்த்தார்கள். 1,018 பேரில் மூக்கில் கண்ணாடி இருந்தவர்கள் 300. மற்றவர்களில் பெரும்பாலோர் ‘வீட்டில் இருக்கு’ என்றார்கள். அப்பா படித்திருந்தால் பிள்ளை போடுவது அதிகம். பவர் அதிகமானால் போடுவது அதிகம். எனக்கு ஆச்சரியம் தந்த செய்தி, பையன்களைவிடப் பெண் பிள்ளைகள் கூடுதலாகப் போட்டிருந்தார்கள் என்பது. ‘கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவார்’ என்று பேசும் ஊர்களில் பெண் பிள்ளைகள்தான் கழற்றி வைப்பார்கள் என்று நானும் பத்து மேடைகளில் சொல்லியிருக்கிறேன். சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்துவிட்டால் அவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். கையில் வந்து சேர்வதற்கு முன்னால்தான் அவர்களை நிறுத்தி வைக்கிறோம். பெண் பார்க்க வரும் அன்று கழற்றச் சொல்வதும் பெரியவர்கள்தான்.

‘போட ஆரம்பிச்சா பவர் ஏறிக்கிட்டே போகும்’ என்ற பயமும் பெரியவர்களுடையது. பார்ப்பதற்கு அது உண்மைபோலவே இருக்கும். வளரும் வயதில் விழி நீள்வதால் வருடா வருடம் பவர் ஏறத்தான் செய்யும், கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும். போட்ட பிள்ளைக்குக் கழற்றினால் முன்பைவிட மங்கலாகத் தோன்றும், ஏனென்றால் இப்போது அதற்குத் தெளிவு என்றால் என்னவென்று தெரியும். இந்தப் பயத்தை ஒருவகையில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மலேசியாவில் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தபோது, முழுப் பவர் போட்டவர்களைவிட அவர்களுக்குத்தான் வேகமாக ஏறியது. சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

கிட்டப்பார்வை வசதியான வீட்டு நோய் என்றொரு பேச்சு உண்டு. ஓரளவு உண்மை. 2002இல் வெளியான இரண்டு கணக்கெடுப்புகளில் டெல்லி நகரப் பிள்ளைகளிடம் 7.4 சதவீதமும் ஆந்திரக் கிராமப் பிள்ளைகளிடம் 4.1 சதவீதமும் இருந்தது. 2015இல் டெல்லிப் பள்ளிகளில் எடுத்த கணக்கு 13.1 சதவீதம். வெயிலில் இருக்கும் நேரம் குறைவது முக்கியக் காரணங்களில் ஒன்று. சீனாவின் குவாங்சோவில் பள்ளி நேரத்தில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டபோது, மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம்; அப்படி விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். நம் ஊரில் டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்கு வெயில் கிடையாது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு வாசல்படிகூடக் கிடையாது. குறை பணக்கார வீட்டில் அதிகம் இருக்கலாம், ஆனால் அங்கே கண்ணாடி மறுநாளே வந்துவிடும். இப்போது பவர் ஏறுவதைத் தாமதப்படுத்தும் மெல்லிய அட்ரோபின் சொட்டு மருந்தும், அதற்கென்றே செய்த வில்லைகளும் வந்துவிட்டன. வில்லை சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு விலை. மருந்தை வருடக்கணக்கில் விட வேண்டும். சாதாரணக் கண்ணாடியே வந்து சேராத இடத்துக்கு இவை எப்போது வரும் என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

வந்து சேர்ந்த கண்ணாடியும் நிலைக்க வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் இலவசக் கண்ணாடி கொடுத்தபோது முதல் ஆண்டில் வாசிப்பு மதிப்பெண் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த உயர்வு நிற்கவில்லை. பிள்ளைகளின் கண்ணாடி எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்று எந்த அம்மாவையும் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்கும். என் முதல் கண்ணாடி எட்டு மாதம் தாங்கியது. கபடி. வலது காது அருகே ஆணி கழன்றுவிட்டது; அப்பா செம்புக் கம்பியால் கட்டினார், அது காதில் கீறியது. புதிது வாங்க அறுவடை முடியட்டும் என்றார்கள். ஆறாம் வகுப்பில் பக்கத்தில் வேறு பையன். முதல் நாளே அவன் நோட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொடுத்தான். கையெழுத்து நன்றாகவே இருந்தது.